கலியமூர்த்தி கேட்ட நாற்பத்தொரு வார்த்தை

காரைக்காலில் சீனிவாய்க்கால் தெருவில் கலியமூர்த்தி வாங்கிய பிரெஞ்சுக் கார் ஒன்பது நாள் வாசலை விட்டு நகராமல் நின்றதற்குக் காரணம் எஞ்சினும் இல்லை, பாட்டரியும் இல்லை, அதில் நாற்பத்தொரு பேருடைய அபிப்பிராயம் ஏறி உட்கார்ந்திருந்ததுதான் என்பதை அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லும்போதே தங்களுடையது எந்த சீட்டில் உட்கார்ந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். கலியமூர்த்தியின் மனைவி தையல்நாயகியைக் கேட்டால் மட்டும் காரைப் பற்றி ஒன்றும் வராது. அவளுக்கு அந்த நாட்கள் கண்ணோடு சேர்ந்த நாட்கள்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது, சர்க்கரை வந்து பதினாலு வருஷம். தை மாதம் ஒரு காலையில் முறத்தில் அரிசியைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு முறத்தின் விளிம்பு வளைந்து தெரிந்தது. முறத்தைத் திருப்பிப் பார்த்தாள், வளைவு மட்டும் திரும்பாமல் இருந்த இடத்திலேயே நின்றது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, கண்ணுக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது, இரண்டிலும் இருக்கிறது, வலதில் அதிகம், மாதம் ஓர் ஊசி கண்ணுக்குள்ளேயே போட வேண்டும், விடாமல் போட்டால் இருக்கிற பார்வை நிற்கும், விட்டால் போனது போனதுதான் என்று அங்கிருந்த டாக்டரம்மா நிதானமாக, இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை சொன்னது கலியமூர்த்தியைப் பார்த்து.

முதல் ஊசிக்கும் இரண்டாவது ஊசிக்கும் பஸ்ஸில் போனார்கள். இரண்டாவது தடவை திரும்பும்போது முகூர்த்த நாள், புதுச்சேரியிலேயே உட்கார இடமில்லை. கண்ணில் கட்டோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் கட்டின்மேல் யாரோ ஒருவருடைய சாப்பாட்டுக் கூடையின் பிடி இடித்தது. அவள் சத்தம் போடவில்லை. கட்டுக்கு அடியிலிருந்து தண்ணீராய் வழிந்து மோவாய்க்கு வந்ததைக் கலியமூர்த்தி பார்த்தார், தன் துண்டால் துடைத்துவிட்டார், சிதம்பரம் வருவதற்குள் கார் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டார். அந்த முடிவு அன்பினால் எடுத்தது. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம், தையல்நாயகிக்கே இல்லை.

எந்தக் கார் என்பதையும் அவர் மறுநாளே முடிவு செய்துவிட்டார். பிரான்ஸ் கம்பெனி ஒன்று அந்த மாதம்தான் புதிதாக வெளியிட்டிருந்த சின்னக் கார், பின்பக்கம் வெட்டிவிட்டாற்போல் குட்டையாக இருக்கும், பேப்பரில் முழுப்பக்கத்துக்குப் படம் போட்டிருந்தார்கள். கதவு அகலம், சீட் உயரம், குனியாமல் நிமிராமல் அப்படியே உட்காரலாம் என்று தையல்நாயகியின் உயரத்தை மனசில் வைத்துக்கொண்டு அவர் கணக்குப் போட்டார். அந்த நிமிஷத்தில் போய் வாங்கியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் கலியமூர்த்தி மின்துறையில் முப்பத்து நாலு வருஷம் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர், கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் கம்பத்தையே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஏறுவார் என்று ஆபீசில் கேலி பேசப்பட்டவர். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்கப் புறப்பட்டார்.

சீனிவாய்க்கால் தெருவில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கிரைண்டர் வாங்குவதானாலும், பெண்ணுக்கு இடம் பார்ப்பதானாலும், கொல்லையில் போர் போடுவதானாலும் வீடு வீடாகப் போய் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்டதன்படி நடக்க வேண்டும் என்பதில்லை, கேட்டால் போதும். கேட்காமல் செய்தவனை அவர்கள் திட்ட மாட்டார்கள், ஒதுக்க மாட்டார்கள், ‘என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்’ என்று மட்டும் சொல்வார்கள், அதை அவன் பேரன் தலையெடுக்கும்வரை சொல்வார்கள். வழக்கத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு: வீடு தேடி வந்து கேட்டவனை வெறுமனே அனுப்பக் கூடாது. தெரிகிறதோ இல்லையோ, ஏதாவது ஒன்று சொல்லித்தான் அனுப்ப வேண்டும். ‘எனக்குத் தெரியாது’ என்பது அந்தத் தெருவில் வந்தவனுக்குத் தண்ணீர் தராமல் கதவைச் சாத்துவதற்குச் சமம். வீட்டில் இருக்கிற பெண்டாட்டியைக் கேட்பது மட்டும் இந்த வழக்கத்தில் சேர்த்தியில்லை. அவள்தான் வீட்டிலேயே இருக்கிறாளே!

முதலில் அண்ணன் சந்தானத்தின் வீடு. சந்தானத்துக்கு அறுபத்தெட்டு வயது, தம்பி குடும்பத்தில் ஊறுகாய் போடுவதுகூட அவர் காதுக்குப் போய்த்தான் வரும். அவர் மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிவிட்டுச் சொன்னார்: “பிரெஞ்சுக்காரனா? நம்ம ஊரையே ஒருநாள் அப்படியே போட்டுட்டுக் கப்பல் ஏறினவன்டா அவன். அவன் வண்டி மட்டும் உன்னை நட்டநடு ரோட்டுல போடாதா?” எதிர்வீட்டு அந்துவான், பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம் இருந்து பென்ஷனோடு வந்தவர், முசியே அந்துவான் என்று தெரு முழுக்க அழைக்கும், அவர் அந்தக் கம்பெனியின் பழைய வண்டி ஒன்றை பிரான்ஸில் மர்செய் நகரத்தில் ஓட்டியவராம். “வண்டி ராஜாத்தி மாதிரி இருக்கும், தம்பி. ஆனா அது அந்த ஊர் ரோட்டுக்குப் பண்ணது. திருநள்ளாறு ரோட்டுல அதுக்கு இடுப்பு ஒடிஞ்சிடும்.” பக்கத்து வீட்டு அஞ்சுகம், மீன் ஏலத்துக்குப் போகிறவள், டிக்கியில் ஒரு ஐஸ்பெட்டி நிற்காத வண்டி வண்டியே இல்லை என்றாள். முனை ஒர்க்‌ஷாப் நைனா முகமது, கியர் பெட்டி நம்ம சூட்டுக்குத் தாங்காது என்றார்.

பிறகு பங்குனி முழுக்க இதே வேலையாகப் போயிற்று. ஜப்பான்காரன் வண்டி இருக்க இது எதற்கு என்றார்கள், பேரே வாயில் நுழையவில்லை என்றார்கள், முன்பக்கம் பார்த்தால் பல்லைக் காட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார்கள், வால் இல்லாத வண்டி குடும்பத்துக்கு ஆகாது என்றார்கள், அகலம் ஜாஸ்தி என்று ஒருவரும் அகலம் பத்தாது என்று அவருடைய சம்பந்தியும் சொன்னார்கள், வெள்ளை எடு என்றார்கள், வெள்ளை மட்டும் எடுக்காதே என்றார்கள். நெடுங்காட்டில் ஒருவர், கோட்டுச்சேரியில் ஒருவர், நிரவியில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே ஆறு பேர் என்று மொத்தம் நாற்பத்தொரு பேரைக் கலியமூர்த்தி கேட்டார். ஒவ்வொன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து தையல்நாயகியிடம் ஒப்பித்தார். அவள் தோசையைத் திருப்பிப் போட்டபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

மூன்றாவது ஊசி பங்குனி பத்தாம் தேதி. ஒன்பதாம் தேதி காலை அவள், “நாளைக்கு ஒரு வாடகைக் காரைப் புடிச்சுப் போயிட்டு வந்துடலாமேங்க” என்றாள்.

“காரே வரப்போவுது தையலு. பத்து நாள். மெத்தையில உக்கார்ற மாதிரி உக்காந்துட்டு வரலாம்.”

பத்து நாள் இருபது ஆயிற்று. காலையில் எழுந்ததும் அவள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த தேதி காலண்டரைப் பார்ப்பாள், அப்புறம் மறு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்ப்பாள். வலது கண்ணில் தேதி முதலில் நெளிந்தது, பிறகு ஈரக்கை பட்டாற்போல் கலங்கியது, சித்திரை பிறந்த மறுநாள் காலையில் அது இல்லை. காலண்டரின் நாலு ஓரமும் இருந்தன, ஆணி இருந்தது, நடுவில் கரிப்பிடித் துணியால் துடைத்த மாதிரி ஓர் இருட்டு இருந்தது. அவள் முகத்தைக் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். மத்தியானம்வரை பதினைந்து தடவை பார்த்தாள்.

கலியமூர்த்தி கோட்டுச்சேரியிலிருந்து திரும்பி வரும்போது அவள் வாசலிலேயே நின்றாள்.

“என்னங்க, ஒரு விஷயம் சொல்லணும்.”

“இரு தையலு, அதுக்கு முன்னாடி நம்ம மருமவப்பிள்ளை சொன்னதக் கேளு. புது மாடல் வந்தா மொத வருஷம் வாங்கவே கூடாதாம். ஊரான் வாங்கி, கஷ்டப்பட்டு, கம்பெனிக்காரன் திருத்தினப்புறம்தான் நாம வாங்கணுமாம். என்ன யோசனை பாரு!”

அவர் முக்கால் மணி நேரம் பேசினார். அவர் பேசி முடித்தபோது சொல்ல வேண்டியது அவளுக்குத் தொண்டையிலிருந்து இறங்கி எங்கோ போய்விட்டிருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது, சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று. கோபமாகவும் இருந்தது, ஊரெல்லாம் கேட்கிற மனுஷன் தன்னைக் கேட்கட்டும் என்று. பயமும் கோபமும் சேர்ந்து அவள் வாயைக் கட்டிப்போட்டன. அன்று முதல் அவள் ஒரு கண்ணோடு சமைத்தாள், ஒரு கண்ணோடு கோலம் போட்டாள், யாருக்கும் தெரியவில்லை.

நாற்பத்தொரு பேரும் நாற்பத்தொரு விதமாகச் சொல்லியானதும், கலியமூர்த்தி முதல் நாள் தான் நினைத்த காரையே வாங்கினார். ஊதா நிறம். கும்பகோணத்திலிருந்து கம்பெனி டிரைவர் ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டு, டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிப் போனார். சந்தானத்தின் மனைவி ஆரத்தி எடுத்தாள், சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், கலியமூர்த்தி புது வேட்டி உடுத்தி உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் உயிர்பெற்றது, உறுமியது, வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. மிதிக்க மிதிக்க முன்னால் போவதற்குப் பதில் கீழே அழுந்தியது. டயர்கள் பக்கவாட்டில் பிதுங்கி, பழங்கள் உருளாமல் திரும்பாமல் இருந்த இடத்திலேயே நசுங்கின. எட்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். கோயில் தேரைத் தள்ளிப் பழகிய ஆட்கள், அவர்களால் முடியவில்லை.

மறுநாள் நைனா முகமது வந்து வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வோர் இடமாகத் தட்டிப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “வண்டியில ஒரு குறையும் இல்லண்ணே. உள்ளதான் எடமில்ல” என்றார்.

கதவைத் திறந்ததும் கூட்டமான பஸ்ஸின் புழுக்கம் வெளியே வந்தது. சீட்டில் ஆளில்லை, ஆனால் மெத்தை ஆள் உட்கார்ந்த மாதிரி குழிந்திருந்தது. மூக்குப்பொடி வாசனை முன்பக்கம் வந்தது, அந்துவானுடைய சுருட்டு வாசனை ஸ்டீரிங்கை ஒட்டி வந்தது, டிக்கியிலிருந்து மீன் கவுச்சி. கண்ணாடியில் காதை வைத்தால் முணுமுணுப்பு கேட்டது. மைலேஜ் தராது, வித்தா போகாது, வெள்ளை எடுத்திருக்கலாம். ஒன்றின் மடியில் ஒன்றாக, ஒன்றின் தோளில் ஒன்றாக நாற்பத்தொன்றும் உள்ளே இருந்தன. ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து பார்த்த தையல்நாயகிக்கு, இத்தனை நாளாக வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டவை வாசலுக்குப் போய்விட்டனவே என்று ஒருவிதத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது.

தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. சொன்ன வார்த்தை எங்காவது போய்த்தானே உட்கார வேண்டும் என்றார்கள். அவர்களுக்கு வேறு கவலை வந்தது: தன்னுடையதற்கு நல்ல இடம் கிடைத்திருக்கிறதா? சந்தானம் தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து முன் கதவைத் திறந்து, தன்னுடையது முன்னால்தான் இருக்கிறதா என்று மோந்து பார்த்துவிட்டுப் போனார். கோட்டுச்சேரி மருமகப்பிள்ளை, தன் வார்த்தையை ஸ்டெப்னி டயருக்கு அடியில் போட்டுவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார். அகலத்தைப் பற்றிச் சொன்ன சம்பந்தி இருவரில் யாருடையது யார் மடியில் என்று ஒரு சண்டை மூண்டு, அதைத் தீர்க்க நாலு பேர் பேச வேண்டியதாயிற்று. உறவுக்காரர்கள் வந்தால் இதோ இதுதான் எங்க வீட்டு அபிப்பிராயம் என்று காரின் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார்கள். நாகூரிலிருந்தும் பொறையாரிலிருந்தும் ஆட்கள் வந்து தங்கள் அபிப்பிராயத்தையும் சொல்லிப் பார்த்தார்கள். உள்ளே இடமில்லாததால் அவை கதவில் மோதிக் காற்றோடு போய்விட்டன. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நோட்டீஸ் எழுதத் தொடங்கியவர், வண்டி எந்த ஊர்த் தயாரிப்பு என்று கேட்டுவிட்டுத் தானும் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் ஜன்னலுக்கு வந்த தையல்நாயகிக்கு இடது கண்ணில் கம்பிகள் நேராக இல்லை. இரண்டாவது கம்பி நடுவில் உடைந்து முதல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டித் தடவிப் பார்த்தாள், கம்பி நேராகத்தான் இருந்தது.

அன்றைக்குத்தான் அஞ்சுகம் வாசலில் கலியமூர்த்தியிடம் சொன்னாள்: “அண்ணே, அது நகர்றப்ப நகரட்டும். அண்ணிய ஒரு டாக்சியில வச்சு இட்டுக்கிட்டுப் போய்ட்டு வாங்களேன்.”

“புதுக் காரு வாசல்ல நிக்கறப்ப வாடகைக் கார்ல போனா நாலு பேரு என்ன சொல்லுவாங்கம்மா?”

உள்ளே இருந்த தையல்நாயகிக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் போதும், அவள் கொடுக்கவில்லை. முப்பத்தொரு வருஷமாக அந்த நாலு பேருக்கும் சேர்த்துத்தான் அவள் சமைத்துக்கொண்டிருந்தாள்.

வழி தெரிந்தது ஏழாம் நாள். நைனா முகமது டிரைவர் சீட்டின் நுனியில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்து கியரை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே நின்ற கலியமூர்த்தி, “பாய், நெஜமாவே இந்தக் கியர் பெட்டி நம்ம சூட்டுக்குத் தாங்காதா?” என்று கேட்டார். ஏழு நாள் வெயிலில் வெந்திருந்த மனுஷன், அலுப்பில் உண்மையைச் சொல்லிவிட்டார்.

“எனக்குத் தெரியாதுண்ணே. இந்த வண்டிய நான் பிரிச்சே பாத்ததில்ல.”

சொன்னதும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு ஒரு விரற்கடை உயர்ந்தது. பின்சீட்டில் ஒரு குழி நிமிர்ந்தது. நைனா முகமது இறங்கி, ஏதோ ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டவர்போல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தார்.

ஆக வழி இதுதான். சொன்னவர் வந்து உள்ளே உட்கார்ந்து தெரியாது என்று சொல்ல வேண்டும். தெரு முழுக்க அன்று சாயங்காலத்துக்குள் இது தெரிந்துபோயிற்று, தெரிந்ததும் தெருவில் நடமாட்டமே இல்லாமல் போயிற்று. இருந்தவர்களுக்கு முதுகு வலித்தது, திண்டுக்கல்லில் கல்யாணம் வந்தது, முசியே அந்துவான் கதவில் பூட்டுத் தொங்கியது.

எட்டாம் நாள் காலை அஞ்சுகம் காப்பிப்பொடி கடன் கேட்க வந்தாள். தையல்நாயகி அவளை உட்காரச் சொல்லிவிட்டுக் காப்பியை ஆற்றி ஊற்றினாள். பித்தளை டம்ளருக்கு மூன்று விரல் தள்ளித் தரையில் ஊற்றினாள். நிதானமாக, கடைசிச் சொட்டுவரை ஊற்றிவிட்டு டம்ளரை எடுத்து நீட்டினாள். அஞ்சுகம் அந்தக் காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். குடிக்கிற மாதிரி வாயில் வைத்து எடுத்தாள், தரையைத் துடைத்தாள், வெளியே போனாள், நடுத்தெருவில் நின்றாள்.

“ஏய், எல்லாரும் கேட்டுக்குங்க! அந்தப் பொம்பளைக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்கு. நீங்க வாய்க்கு வந்ததச் சொன்னது அவ கண்ணுமேல உக்காந்திருக்கு. வந்து எறக்குங்கடா! நானும் சொன்னவதான், நான் மொதல்ல வரேன்.”

அவள் டிக்கியைத் திறந்து அதன் விளிம்பில் உட்கார்ந்து, “எனக்கு ஒரு எழவும் தெரியாது, நான் ஐஸ்பெட்டிய நெனச்சிக்கிட்டுச் சொன்னேன்” என்றாள். வண்டியின் பின்பக்கம் எழும்பியது.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கதவைத் திறந்து, உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, உதடு அசைவது வெளியே தெரியாமல் கையால் மறைத்துக்கொண்டு சொல்லிவிட்டு இறங்கினார்கள், இறங்கிய ஒவ்வொருவரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஊர்வலத்தில் சுமை தூக்கிப் போகிறவர்கள் போல மெதுவாக வீட்டுக்கு நடந்தார்கள். நிரவி பந்தியில் சொன்ன ஆறு பேரும் ஒரே ஆட்டோவில் வந்து வரிசையில் நின்றார்கள். முசியே அந்துவான் பூட்டைத் திறந்துகொண்டு கோட்டு போட்டு வந்தார், முதலில் பிரெஞ்சில் சொன்னார், வண்டி அசையவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தமிழில் சொன்னார், இரண்டு விரற்கடை ஏறியது. மர்செய்யில் அவர் ஓட்டியது துணி வெளுக்கும் கடையின் வேன் என்பதும் அப்போது வெளியே வந்தது. யாரும் சிரிக்கவில்லை. வெயில் சாய்வதற்குள் நாற்பது பேர் இறங்கியிருந்தார்கள்.

சந்தானம் ஒன்பதாம் நாள் காலை வந்தார். விபூதி பூசியிருந்தார், மூக்குப்பொடி டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். கடைசியில் கதவைத் திறந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “எனக்குத் தெரியாதுடா தம்பி. எனக்கு எந்த வண்டியைப் பத்தியும் தெரியாது. உன் விஷயம் பாதி எனக்குத் தெரியாமத்தான் சொல்லியிருக்கேன்” என்றார். அவர் இறங்கி நடக்கும்போது கால் தடுமாறியது. கலியமூர்த்தி பிடிக்கப் போனார், அவர் கையை உதறிவிட்டுத் தனியாகவே நடந்தார்.

கார் நிமிர்ந்து நின்றது, டயர் நாலும் உருண்டை கட்டியிருந்தன. கலியமூர்த்தி ஏறி சாவியைத் திருப்பினார். வண்டி நகரவில்லை.

நைனா முகமது உள்ளே தலையைவிட்டு ஒவ்வொரு சீட்டாகத் தடவினார். பின்சீட் காலி. டிக்கி காலி. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் கை வைத்தவர் உடனே எடுத்துவிட்டார்.

“இங்க ஒருத்தங்க இருக்காங்கண்ணே. சத்தமே இல்ல. நாப்பத்தியோரு பேரு சேந்து இருந்ததவிட இது கனமா இருக்கு.”

கலியமூர்த்தி விரல்விட்டு எண்ணினார். அண்ணன், அந்துவான், பாய், அஞ்சுகம், நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி ஆறு. இரண்டு தடவை எண்ணினார். “கேட்டவங்க எல்லாரும் வந்தாச்சே பாய்” என்றார்.

அஞ்சுகம் தன் வாசலில் நின்றபடியே கேட்டாள்: “கேக்காதவங்க யாராச்சும் உண்டாண்ணே?”

தையல்நாயகி ஜன்னலை விட்டு விலகிச் சமையலறைக்குப் போய் அவரைக்காயையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்டால் எப்படிச் சொல்வது என்று எத்தனையோ நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள், இப்போது அவர் கேட்காமலே போய்விட்டால் தேவலை என்று தோன்றியது. செருப்புச் சத்தம் வாசலில் நின்றது. அவர் உள்ளே வந்து, அவளுக்கு எதிரில் வெறுந்தரையில் உட்கார்ந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அந்தச் சமையலறையில் உட்கார்ந்ததில்லை.

“தையலு, உன்னை ஒரு வார்த்தை கேக்கணும்.”

“கேளுங்க.”

“இந்தக் காரைப் பத்தி நீ என்ன நெனக்கிற?”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“காரைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருக்கும். பங்குனி பத்துல ஒரு வாடகைக் காரு வேணும்னு நெனச்சேன். அதைச் சொல்லவும் சொன்னேன்.” அவள் உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள். “இப்புடிப் பாத்தா உங்க சட்டை இருக்கு. ரெண்டு காதும் இருக்கு. மொகம் இல்ல. சித்திரை ரெண்டாந்தேதிலேருந்து இல்ல.” கையை எடுத்தாள். “இந்தக் கண்ணால பாத்தா மொகம் இருக்கு, வளைஞ்சு இருக்கு. இதுவும் எத்தினி நாளைக்குன்னு தெரியல. அன்னைக்கு வாசல்லயே நின்னேன் உங்ககிட்ட சொல்றதுக்கு. நீங்க மருமவன் சொன்னதச் சொன்னீங்க.”

வாசலில் சங்கிலி கழன்ற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, இருவரும் திரும்பவில்லை. கலியமூர்த்தி எழுந்தார். செருப்பில்லாமல், அவிழ்ந்த வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

“யாராவது ஒரு வாடகைக் காரைக் கூப்புடுங்க! புதுச்சேரிக்கு! இப்பவே!”

சந்தானம் தன் வீட்டுப் படியிலிருந்து, “ஏண்டா, புதுக் காரு நிக்கறப்ப…” என்று ஆரம்பித்தார்.

“சும்மா இருங்கண்ணே!” என்றார் கலியமூர்த்தி. ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக அண்ணனிடம் அப்படிச் சொன்னார், சொன்னதை அவர் கவனிக்கக்கூட இல்லை.

வாடகைக் கார் வந்தது. திரும்ப இடமில்லாமல் பிரெஞ்சுக் கார் குறுக்கே நின்றது. நைனா முகமது போய் அதன் மேல் ஒரு கையை வைத்தார். அது தண்ணீரில் மிதக்கிற தொட்டிபோல் சத்தமில்லாமல் ஒதுங்கிக் கொடுத்தது. தெரு முழுக்க அதைப் பார்த்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்வதற்கு அவர்களுக்குப் பயமாக இருந்தது.

புதுச்சேரிக்குப் போகும் வழியில் கண்ணாடியை ஏற்றட்டுமா என்று அவர் கேட்டார், ஏற்றுங்கள் என்றாள். சீர்காழி தாண்டி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றாள். கடலூரில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார், அதற்கு அவளைக் கேட்கவில்லை. அவள் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

டாக்டரம்மா முதலில் அவளுடைய இடது கண்ணை மூடச் சொல்லி, எதிரே வெளிச்சப் பலகையில் என்ன தெரிகிறது என்று கேட்டார். தையல்நாயகி, பலகையின் ஓரம் தெரிகிறது என்றாள். உள்ளே? உள்ளே ஒன்றும் இல்லை. பெரிய எழுத்து? இல்லை. என் விரல்? இல்லைங்கம்மா. சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கலியமூர்த்தி ஒவ்வோர் ‘இல்லை’க்கும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் குனிந்தார். பிறகு வலது கண்ணை மூடச் சொன்னார்கள். அவள் முதல் வரியைப் படித்தாள், இரண்டாவது வரியைப் படித்தாள், மூன்றாவதில் பாதி படித்தாள், எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்வதாகச் சொன்னாள்.

டாக்டரம்மா கருவியில் வெகு நேரம் பார்த்தார். இடது கண்ணுக்கு இன்றைக்கே ஊசி போடலாம், இனி ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்தால் இது நிற்கும், வலதுக்கு இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை என்றார். முன்பு சொன்ன அதே நிதானத்தோடுதான் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

“பங்குனியிலயே வந்திருக்கணும். ஏன் கூட்டிட்டு வரல?”

கலியமூர்த்தி எழுந்து நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டார், அவிழ்த்தார். என்ன சொல்வது என்று கேட்கிற மாதிரி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மீதி இருந்த ஒரு கண்ணால் அவளும் அவரைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு மட்டும் அவள் அவருக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.